கடற்கொள்ளையர் தீவில் இரண்டு கிழமைகள்

இந்து சமுத்திரத்தின் தென்மேற்கிலே, மடகஸ்காருக்குக் கிழக்கே, பிரான்சுக்குச் சொந்தமான தீவு ஒன்று உண்டு. ரெயூனியன் என்பது அதன் பெயர். முன்னாளில் பூர்போன் என அழைக்கப்பட்டது. பாரிசிலிருந்து பதினொரு மணிநேரம் பறந்தால் அங்கே போய் இறங்கலாம். ஒன்பதாயிரம் கிலோமீற்றருக்கு மேல் கடந்த பின்னும் பிரான்சிலேயே நிற்கிறோம் என்பது ஒரு விந்தைதான். அதே யூரோ நாணயம், அதே மஞ்சள் தபாற்பெட்டி, நகரசபை வாசலில் அதே மூவர்ணக் கொடி. ஆனால் வேலிக்கு மேலாக முருங்கை மரம் எட்டிப் பார்க்கிறது.

எமது இளைய மகள் தாதியர் பயிற்சிக்காகச் சில மாதங்கள் அங்கே தங்கியிருந்தாள். அவளைப் பார்க்கும் சாட்டில் சென்ற ஆண்டு ஆகஸ்ட் மாதம் நானும் மனைவியும் புறப்பட்டோம். சாட்டு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. நாம் ஊரை விட்டு வந்து நாற்பது ஆண்டுகள் ஆகப்போகின்றன. தென்னையும் வெயிலும் உள்ள கடற்கரை ஒன்றிலே மீண்டும் காலாற நடக்கவேண்டும் என்பது மனைவியின் நெடுநாள் ஆசை. எனக்கு அந்த ஆசையிற் பாதியும் அச்சத்திற் பாதியும். 1986ஆம் ஆண்டில் ஓர் இரவு, விளக்கில்லாத படகிலே பாக்கு நீரிணையைக் கடந்தவன் நான். அன்றைக்குப் பின் கடலில் இறங்கியதில்லை. பிள்ளைகளை நோர்மண்டிக் கரைக்குக் கூட்டிச்சென்ற கோடை நாட்களிலும் துவாய்களைக் காவல் காக்கும் உத்தியோகமே எனக்கு வாய்த்தது.

தீவின் மேற்குக் கரையில் உள்ள சென் போல் என்னும் பழைய நகரத்துக்கு அண்மையில் மகள் வாடகைக்கு இருந்தாள். அந்தக் குடாவின் மணல் கரியைப் போலக் கறுப்பு. எரிமலைப் பாறையைக் கடல் அரைத்து மணலாக்கியிருக்கிறது. அந்த எரிமலையையும் நாம் போய்ப் பார்த்தோம். அதைப் பற்றி எழுதப் புகுந்தால் இந்தப் பக்கம் போதாது. விட்டுவிடுகிறேன்.

இத்தீவுக்கு ஆதிக்குடிகள் என்று எவரும் இல்லை. இதனை அங்கே சென்ற பிறகே அறிந்தேன். இங்குள்ள ஒவ்வொரு குடும்பமும் என்றோ ஒருநாள் கப்பலில் வந்து இறங்கிய குடும்பம். 1646ஆம் ஆண்டில், மடகஸ்காரின் பிரெஞ்சுக் கோட்டையிலே கலகம் செய்த பன்னிரண்டு பேரைத் தண்டனையாக இங்கே கொண்டுவந்து விட்டார்கள். மூன்று ஆண்டுகளின் பின் போய்ப் பார்த்தபோது அவர்கள் மாண்டிருக்கவில்லை; நல்ல தேகசுகத்துடன் இருந்தார்களாம். 1663இல் இரண்டு பிரெஞ்சுக்காரரும் பத்து மடகஸ்காரிகளும் வந்து நிலையாகக் குடியேறினர். நிலத்து ஆமைகள் அக்காலத்தில் இங்கே மந்தை மந்தையாகத் திரிந்தன. உணவின்றிப் பல மாதங்கள் உயிரோடிருக்கக்கூடிய பிராணி ஆகையால், கப்பற்காரர் அவற்றை உயிருடனே கப்பலின் அடித்தட்டில் அடுக்கிக்கொண்டு போனார்கள். இன்று அந்த இனத்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கடலில் கடற்கொள்ளையர் பெருகினர். அமெரிக்கக் கரைகளிலே பிரித்தானியக் கடற்படை அவர்களை நெருக்கியதால், இந்தியாவிலிருந்து சரக்கேற்றித் திரும்பும் கப்பல்களை நாடி இப்பக்கம் வந்தவர்கள் அவர்கள். அவர்களுள் பெயர்பெற்றவன் ஒலிவியே லெவசேர். 'லா பூஸ்' என்பது பட்டப்பெயர். இரையைக் கண்டதும் இறங்கும் ஒரு பருந்தினத்தின் பெயர் அது. 1721ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், இத்தீவின் தலைநகரான சென் டெனிக்கு முன்னால் பெரிய போர்த்துக்கேயக் கப்பல் ஒன்று நங்கூரமிட்டு நின்றது. கோவாவில் ஆட்சி முடித்து நாடு திரும்பும் இராசப்பிரதிநிதி அதில் இருந்தார். வழியில் அடித்த புயலிலே கப்பலைக் காப்பாற்றப் பீரங்கிகளிற் பெரும்பாலானவற்றைக் கடலில் எறிந்திருந்தார்கள். லா பூஸும் டெய்லர் என்ற ஆங்கிலேயனும் வந்து அதனைக் கைப்பற்றினர். வைரமும் பட்டும் பொன்னுமாய் அதில் இருந்த செல்வம், கடற்கொள்ளை வரலாற்றிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்றென்று சொல்வார்கள். கோவாவிலே அந்தச் செல்வம் எவ்வாறு திரண்டது என்று எந்தப் புத்தகமும் விரித்துக் கேட்பதில்லை. அதை எடுத்தவன் மட்டும் கொள்ளையன்.

நான் சொல்லவந்தது வேறு. அதே காலத்தில் பூர்போன் தீவின் ஆளுநர் கடற்கொள்ளையருக்கு மன்னிப்பும் வழங்கிக்கொண்டிருந்தார். 1720, 1721 அளவில் கொண்டென் என்ற ஆங்கிலேயக் கொள்ளைத் தலைவன் தன் ஆட்களுடன் சரணடைந்தான். அவனது ஆட்களிற் பலர் இங்கேயே காணி பெற்று, கலியாணம் முடித்துக் குடியிருந்தனர். தலைவன் சிலகாலத்தின் பின் பிரான்சின் சென் மாலோ துறைக்குப் போய் வியாபாரியாகி மதிப்போடு வாழ்ந்தானாம். அப்போது இங்கே ஆட்பஞ்சம். கோப்பிப் பயிர் தொடங்கிய காலம். வெள்ளைக்காரராகவும் வேலைக்கு உதவக்கூடியவராகவும் இருந்தால் போதுமென்று கண்டார்கள் போலும். மன்னிப்புப் பெற்ற கொள்ளையர் காலப்போக்கில் அடிமைகளை வாங்கிய காணிக்காரரும் ஆயினர்.

லா பூஸுக்கும் மன்னிப்பு எட்டாத கனியாக இருக்கவில்லை. கொள்ளைப் பொருளைத் திருப்பிக்கொடுக்க மனமின்றி மடகஸ்காரில் மறைந்து வாழ்ந்தான் என்பர். கடைசியிற் பிடிபட்டான். 1730ஆம் ஆண்டு யூலை 7ஆம் நாள் சென் போலிலே தூக்கிலிடப்பட்டான். கயிற்றில் ஏறுமுன் விடுகதை எழுத்துள்ள ஒரு தாளைக் கூட்டத்தில் எறிந்து, இயன்றவன் என் புதையலை எடுத்துக்கொள்ளட்டும் என்றானாம். இது கட்டுக்கதை. ஆனாலும் அந்தக் கதையை நம்பி இன்றைக்கும் மண் தோண்டுகிறார்கள். சீசெல்சிலே ஓர் ஆங்கிலேயர் 1949இல் தோண்டத் தொடங்கினார்; அவருக்குப் பின் மகனும் தொடர்ந்தார்.

சென் போலில் வெள்ளிக்கிழமைகளிலே கடலோரமாகச் சந்தை கூடும். மகள் எம்மை அங்கே அழைத்துச் சென்றாள். பிலாக்காய், வாழைப்பொத்தி, பாகற்காய், முருங்கையிலைக் கட்டு. மனைவி வாய் திறவாமல் ஒவ்வொரு கடையாகத் தொட்டுத் தொட்டு நடந்தாள். ஒரு கடையில் இருந்த மூதாட்டி, நிறத்திலும் முகவெட்டிலும் எங்கள் ஊர் ஆச்சிமாரைப் போன்றவர், ஒரு பச்சைக் கொத்தை எடுத்து நீட்டி, "கலுப்பிலே, மதாம், கலுப்பிலே" என்றார்.

"அம்மா, அவ கறிவேப்பிலையைத்தான் சொல்லுறா," என்றாள் மகள்.

மனைவிக்குச் சிரிப்பு வந்தது. பின்பு கண் கலங்கிற்று. அந்த ஆச்சிக்குத் தமிழ் தெரியாது. பாட்டனுக்குப் பாட்டன் கொண்டுவந்த மொழியிலே கறிவேப்பிலை, முருங்கை, மசாலா என்று சமையலறைச் சொற்கள் சில மாத்திரம் உருமாறித் தங்கியிருக்கின்றன. இவர்களை இங்கே மலபார் என்பார்கள். மலையாளத்தோடு சம்பந்தமில்லை, பெரும்பாலோர் தமிழர் வழி வந்தவர்கள்.

நாம் தமிழிற் பேசுவதைக் கேட்டுப் பக்கத்துக் கடையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் நிமிர்ந்தார்.

"நீங்கள் யாழ்ப்பாணமோ, அண்ணை?"

அவருடைய பெயரையோ ஊரையோ இங்கே எழுதவில்லை. வன்னிக் கரையிலே மீன்பிடித் தொழில் செய்த குடும்பம். 2019இல் வந்த படகுகளில் ஒன்றில் வந்தவர். அச்செய்தி வாசகர்களிற் சிலருக்கு நினைவிருக்கலாம். 2018 மார்ச் முதல் 2019 ஏப்ரல் வரை இலங்கையிலிருந்து பல மீன்பிடிப் படகுகள் சுமார் 4,000 கிலோமீற்றர் கடந்து இத்தீவை அடைந்தன. கடைசியாக 2019 ஏப்ரல் 13இல் வந்த படகில் மாத்திரம் 120 பேரளவில் இருந்தனர். தமிழரும் இருந்தனர், சிங்களவரும் இருந்தனர். பலரை விமானத்தில் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். சிலருக்குத் தஞ்சம் கோர வழி கிடைத்தது. இவர் அந்தச் சிலருள் ஒருவர். உடன் வந்த சின்னம்மாவின் மகன் திருப்பி அனுப்பப்பட்டவர்களுள் ஒருவர்.

சந்தை ஓய்ந்த பின் எம்மோடு கல்லறைத் தோட்டத்துக்கு வந்தார். அது கடலை ஒட்டியே இருக்கிறது. சுவருக்கு அப்பால் அலை மோதும் ஓசை எப்போதும் கேட்கும். கல்லறைகளின் மேல் மைனாக்கள் தத்தித் திரிந்தன. வெட்டுக்கிளியை ஒழிப்பதற்கென இந்தியாவிலிருந்து அந்நாளிற் கொண்டுவரப்பட்ட பறவைகள். அவையும் வந்தேறு குடிகளே. லெகோந்த் டு லீல் என்ற பிரெஞ்சுக் கவிஞரின் கல்லறை அங்கே இருக்கிறது. இந்நகரத்தில் 1818இல் பிறந்தவர்; பிரான்சில் 1894இல் இறந்தவர். பாரிசில் அடக்கம் செய்திருந்த அவரது எச்சங்களை 1977இல் இங்கே கொண்டுவந்தார்கள். எண்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து ஊர் திரும்பியிருக்கிறார். அவரது கல்லறையின் முன் நான் நெடுநேரம் நின்றேன். அங்கே வேறு ஒருவரும் நிற்கவில்லை.

கூட்டம் முழுவதும் லா பூஸின் கல்லறையிலே. மண்டையோடும் எலும்புகளும் செதுக்கிய கற்சிலுவை. அதன் அடியிலே றம் போத்தல்கள், சிகரெட்டுகள், சில்லறைக் காசுகள், பூக்கள். உண்மையில் அவனது உடல் அங்கே இருக்க நியாயமில்லை. அத்தோட்டம் திறக்கப்பட்டதே 1788இல்தான். அதைப் பற்றி எவருக்கும் கவலையில்லை. பிள்ளைகள் சிலுவையின் பக்கத்தில் நின்று படமெடுத்தார்கள்.

"ஆர் அண்ணை இவன்? ஒவ்வொரு நாளும் இந்தப் பக்கம் போறன், சனம் குறையிறதே இல்லை."

"கடற்கொள்ளைக்காரன். பிரெஞ்சுக்காரன்தான். கலேயில் பிறந்தவன் என்கிறார்கள்."

"கலேயோ?" அவர் சிரித்துவிட்டார். "எங்கட மாமாவின்ர பெடியன் அங்கதான் லொறிக்குள்ள ஒளிச்சு நிண்டு பிடிபட்டவன்."

மன்னிப்புப் பெற்ற கொள்ளையரின் கதையையும் அவருக்குச் சொன்னேன். கப்பலையும் ஆயுதங்களையும் ஒப்படைத்தால் காணி கிடைத்தது என்றேன். சிறிது நேரம் பேசாமல் நின்றார்.

"ஏன் வந்தனீங்கள் எண்டு அவையளைக் கேட்கேல்லையோ, அண்ணை?"

எனக்கு விடை தெரியவில்லை. அந்தக் கேள்வியை அவரிடம் எத்தனை தடவை கேட்டிருப்பார்கள் என்பது மட்டும் தெரியும். எமது கோவைகளிலும் அந்தக் கேள்விக்கென்று பக்கம் பக்கமாக இடம் விட்டிருந்ததை நாம் மறக்கவில்லையே.

கடல் நாட்களைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. மூன்று கிழமைக்கு மேல் என்றார். தண்ணீரைப் போத்தல் மூடியால் அளந்து குடித்த நாட்களும் உண்டென்றார். தீவைக் கண்டபோது முதலில் மலையைத்தான் கண்டார்களாம். முகில் என்று நினைத்தார்களாம்.

சென் டெனிக்கும் சென் போலுக்கும் இடையிலுள்ள பள்ளத்தாக்கு ஒன்றிலே, கிராண்ட் சலூப் என்ற இடத்தில், பழைய தொற்றுத்தடை முகாம் இருக்கிறது. அதையும் போய்ப் பார்த்தோம். 1848 திசம்பர் 20இல் இத்தீவில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டபோது அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் விடுதலை பெற்றனர். கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. முன்பே சிறு அளவில் நடந்துவந்த ஆட்சேர்ப்பு, 1860இல் பிரித்தானியருடன் செய்யப்பட்ட ஒப்பந்தத்தின் பின் பெருகியது. புதுச்சேரி, காரைக்கால், சென்னைத் துறைகளிலிருந்து ஐந்தாண்டு ஒப்பந்தத்திலே அந்த நூற்றாண்டில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் வந்து சேர்ந்தனர். வேலையாட்கள் நடத்தப்பட்ட விதம் பற்றிய முறைப்பாடுகள் மிகுந்ததனால் 1882இல் பிரித்தானியர் அதனை நிறுத்தினர். கப்பலால் இறங்கியவர்களை அம்மையும் வாந்திபேதியும் பரவாதிருக்க இம்முகாமில் அடைத்துவைத்துப் பின்பே தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம். அந்தக் கற்கட்டடத்தின் குளிர்ந்த தரையில் நின்றபோது, என் அகதிக் கோவையின் இலக்கம் தானாக நாவில் வந்தது. பிள்ளைகளின் பிறந்த திகதியை மறந்தாலும் அதை மறப்பதில்லை.

மகளின் வீட்டுக்காரரும் அவ்வாறு வந்த ஒருவரின் வழித்தோன்றலே. முதற்பெயர் ஒரு பிரெஞ்சுப் புனிதருடையது. குடும்பப் பெயர் ராமசாமி. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கும் போவார்; பாஞ்சாலிக்கு விரதமிருந்து தீயும் மிதிப்பார். ஒருநாள் மாலை ஒரு பழைய அப்பியாசக் கொப்பியைக் கொண்டுவந்து காட்டினார். அவரது தகப்பனார் எழுதிவைத்தது. மாரியம்மனைப் பாடும் பாட்டு, ஒலியைப் பிரெஞ்சு எழுத்திலே பிடித்து எழுதியிருந்தது. பொருள் தெரியாமலே ஐம்பது வருடமாகப் பாடிவருகிறாராம். என்ன சொல்லியிருக்கிறது என்று கேட்டார். நானும் மனைவியும் இரண்டு மணிநேரம் தலையை உடைத்துப் பாதியளவுக்கு மீட்டெடுத்தோம். மழை வேண்டியும் பிள்ளைகளின் நோய் தீரவும் கேட்கிற வரிகள். மீதி எங்களுக்கும் புரியவில்லை. மகள் கொப்பியைத் தன் கைத்தொலைபேசியிற் படம்பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் தமிழ் எழுத்தைவிட அந்த எழுத்தே வாசிக்க இலகு என்பதைக் குறிப்பிடத்தான் வேண்டும்.

சென் லூ என்னும் ஊரில் கடலாமைகளுக்கான நிலையம் ஒன்று இருக்கிறது. கெலோனியா என்பது அதன் பெயர். 1977இல் ஆமைப் பண்ணையாகத் தொடங்கி, அயற்தீவுகளிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து வளர்த்து, இறைச்சியும் ஓடும் விற்றார்கள். அந்த வியாபாரம் நின்றுபோய், 2006 முதல் ஆமைகளைக் காக்கும் இடமாக இயங்குகிறது. தூண்டில் விழுங்கிய ஆமைகளை மீனவரே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். பெருந்தலை ஆமை ஒன்று தொட்டியில் சாய்ந்து நீந்திக்கொண்டிருந்தது. தாதியாகப் போகிறவள் அல்லவா, மகள் அதன் காயத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. குணமானபின் முதுகிலே கருவி பொருத்திக் கடலில் விட்ட இவ்வினத்து இளம் ஆமைகள் பல வடக்கு நோக்கி ஓமான் கரை வரைக்கும் போயிருக்கின்றன. அவை பிறந்த கரை அதுவே என்று கருதுகிறார்கள்.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு எர்மித்தாஜ் கடற்கரைக்குப் போனோம். அங்கே மணல் வெள்ளை. கரைக்கு அப்பால் முருகைக்கற்பார் அரண்போல நின்று அலையைத் தடுக்கிறது. 2011 முதல் சுறாத் தாக்குதல்கள் பெருகியமையால், 2013இல் இவ்வாறான பாதுகாப்புள்ள இடங்கள் தவிர்ந்த கரைகளிற் குளிப்பதைத் தடைசெய்துவிட்டார்கள். வானத்திலே வெண்ணிறப் பறவை ஒன்று நீண்ட வாலிறகுடன் சென்றது. வாலில் வைக்கோல் செருகிய பறவை என்று இத்தீவார் பெயரிட்டிருக்கிறார்கள், பொருத்தமான பெயர். கரை நெடுகச் சவுக்க மரங்கள். காற்று அவற்றினூடாக வரும்போது எழும் அந்த இரைச்சல் காரைநகர்க் கசூரினாக் கரையில் கேட்டது போலவே இருந்தது. மனைவியும் மகளும் தண்ணீரில் இறங்கிவிட்டனர். நான் வழமை போலத் துவாய்களோடு இருந்தேன்.

"அப்பா, இஞ்ச இடுப்பளவுதான். நிலம் தெரியுது, வாங்கோ!"

இறங்கினேன். தண்ணீர் எதிர்பார்த்ததைவிட வெதுவெதுப்பாக இருந்தது. அடியில் என் கால்விரல்கள் தெரிந்தன. சிறிய மீன்கள் வந்து பார்த்துவிட்டுப் போயின. 1986இல் அந்தப் படகின் விளிம்பைப் பற்றியிருந்தபோது என் கைக்குக் கீழே இருந்ததும் இதே தண்ணீர்தானா என்று ஓர் எண்ணம் வந்தது. மகள் கையை நீட்டினாள். பிடித்துக்கொண்டேன். பத்து நிமிடம் இருக்கும். பிறகு கரைக்கு வந்து, பிலாக்காய்க் கறியும் சோறும் தின்றோம். பசி என்றால் அப்படி ஒரு பசி.

கடைசி நாளன்று அந்த இளைஞர் வேலை முடிந்து எம்மைத் தேடி வந்தார். கையில் ஒரு கட்டுக் கறிவேப்பிலை. பயிர்நோய் காரணமாக அதைப் பாரிசுக்குக் கொண்டுபோக விடமாட்டார்கள் என்று மகள் சொல்லியும் மனைவி வாங்கி வைத்துக்கொண்டாள். விமான நிலையத்தில் அதைப் பறிகொடுத்த கதை வேறு. அவர் வந்தது ஓர் உதவி கேட்பதற்காக.

"அண்ணை, அம்மாவோட ஒருக்காக் கதைப்பியளோ? நான் எத்தினை படம் அனுப்பினாலும் நம்புறா இல்லை. ஆரோ எடுத்து அனுப்புற படம் எண்டு நினைக்கிறா. நீங்கள் நேரில கண்டனீங்கள் எண்டு சொன்னால் நம்புவா."

நீங்கள் கதைக்கும்போது நம்பமாட்டாவா என்று கேட்டேன். கதைக்கத் தொடங்கினால் இருவருமே அழுகிறார்களாம்.

பாரிசுக்குத் திரும்பிய மறுநாள் அந்த இலக்கத்துக்கு எடுத்தேன். முதுமையான ஒரு குரல். என்னை அறிமுகம் செய்து, உங்கள் மகனைக் கண்டேன், சந்தையிலே வேலை செய்கிறார், உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, எங்களோடு இருந்து சாப்பிட்டார் என்று சொன்னேன். மெலிந்துவிட்டானா என்று கேட்டார். இல்லை என்றேன். தலைமயிர் கொட்டியிருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். பிறகு சிறிது நேரம் ஒரு சத்தமும் இல்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"அங்க அவன் இருக்கிற இடத்துக்குக் கடல் கிட்டவோ, தம்பி?"

"கிட்டத்தான், அம்மா. நடந்து போகிற தூரம்."

"அந்தப் பக்கம் போகவேண்டாம் எண்டு சொல்லுங்கோ."